கூடாரவல்லித் தளிகை

மார்கழி 27ஆம் நாள் அக்காரவடிசிலுக்கு எவ்வளவு நெய் வார்ப்பது என்பதே நம் அகங்களில் பெரும்பேச்சு. திருப்பாவையின் 2ஆம் பாசுரத்தில் நெய்யையும் பாலையும் விலக்கிய ஆய்ச்சியர், 27ஆம் பாசுரத்தில் அவற்றையே விரும்புவது ஏன்? பசியாலன்று, கண்ணனோடு கூடப்பெறுவதால். பிரிவில் வேண்டாதிருந்த பால், அவனோடு கூடியபின் இனிக்கிறது.

அளவைப் பற்றி நாம் கலங்க வேண்டா. திருமாலிருஞ்சோலை அழகருக்கு ஆண்டாள் நேர்ந்த 100 தடா அக்காரவடிசிலை எம்பெருமானாரே ஸமர்ப்பித்துத் தலைக்கட்டிவிட்டார். அயல்நாட்டில் தனித்திருக்கும் அடியார், ஒருபிடி பச்சரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, வெல்லமும் இயன்ற நெய்யும் சேர்த்து, சுவை பாராமல் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணலாம். (முழங்கை வழியும் நெய்யை மருத்துவர் ஒப்பார்!) நெய் குறைவது குறையன்று, தனியே உண்பதே குறை. அருகில் ஸ்ரீவைஷ்ணவர் இல்லையேல், அடுத்த வீட்டுக் குழந்தைக்காவது அந்த ப்ரஸாதத்தை முதலில் கொடுத்து, பிறகு நாம் ஸ்வீகரிப்போம்.