ஏ.சி. ரிமோட்டை எங்கே வைக்கிறீர்கள்?

மேல்பட்டாம்பாக்கத்தில் கத்திரி வெயில் நாளில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். வீட்டுக்குள் வந்ததும் கை 18-ஐத்தான் அழுத்தும். சாதாரண ஏ.சி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரையுள்ள அறை ஏ.சி.களுக்கு 24 டிகிரியே தொடக்க அளவு. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தி திறன் செயலகம். 26-ல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுங்கள்.

விடியற்காலையில் போர்வை தேடுபவர்களுக்கு 'ஸ்லீப்' பொத்தான். பெரும்பாலான ஏ.சி.களில் மணிக்கு ஒரு டிகிரியாக இரண்டு டிகிரி வரை தானே கூட்டிக்கொள்ளும். டைமரில் நாலு மணி நேரம் வைத்தாலும் சரி. ஏ.சி.யைப் பார்த்து நீட்டி அழுத்துங்கள். 'பீப்' கேட்காவிட்டால் கட்டளை போய்ச் சேரவில்லை.

சில ரிமோட்டுகளில் 'ஐ ஃபீல்' என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ரிமோட்டே வெப்பமானி; தான் இருக்கும் இடத்தின் சூட்டை ஏ.சி.க்குச் சொல்லும். தலையணைக்கு அடியில் கிடந்தால் அது சொல்வது ஏ.சி.க்குப் போய்ச் சேராது. டிவி பெட்டிமேலும் வேண்டாம். கட்டிலோரம், திறந்த இடமே சரி.

ஐப்பசி மழையில் பிசுபிசுப்பா? நீர்த்துளிப் படம் போட்ட 'டிரை' போதும்.

பேட்டரி மாற்றினால் பல ரிமோட்டுகளில் கடிகாரம் அழிந்துவிடும். முதலில் நேரத்தைத் திருத்திவிட்டு டைமரைத் தொடுங்கள்.