மெயில் போகவில்லை என்று மெர்ச்சண்டைசர் வந்து நின்றால்

திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். பையரின் லேப் டிப் ஒப்புதல் வந்து சேராவிட்டால் சாயப்பட்டறையில் லாட் ஏறாது. அந்தத் தாமதம் ஷிப்மென்ட் தேதி வரை இடிக்கும். உங்கள் வேலையின் கனம் அதுதான்.

1. கை வைக்கும் முன் கேளுங்கள். அனுப்பியவர், பெறுபவர், நேரம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரு பையருக்கு மட்டும் போகவில்லையா, யாருக்குமே போகவில்லையா என்று பிரித்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்.

2. தடத்தைப் பிடியுங்கள். ஒரு லாட் துணியைக் காணோம் என்றால், நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று கடைசி டெலிவரி சலான் எங்கே போட்டார்கள் எனத் தேடுவோம். மெயில் ஹெடரில் உள்ள ‘ரிசீவ்ட்’ வரிகளும் அப்படித்தான். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே சேர்ப்பதால் கீழிருந்து படியுங்கள். போய்ச் சேராத மெயிலுக்கு உங்கள் சர்வரின் லாகில் க்யூ ஐடியைத் தேடுங்கள்.

3. எதிர் சர்வர் தந்த பதில் எண்ணை லாகில் படியுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை மறுபடி மறுபடி முயலும். இடையில் எச்சரிக்கை தராது. அனுப்பியவரோ போய்விட்டதென்றே நம்பியிருப்பார். அதனால் தினமும் காலையில் க்யூவைப் பாருங்கள். 5-இல் தொடங்கினால் மறுப்பு. 552 என்றால் பெரும்பாலும் அளவுதான் காரணம்: 20 எம்.பி. ஆர்ட்வொர்க் ஃபைல் மெயிலில் ஏறும்போது சுமார் 27 எம்.பி. ஆகிவிடும்.

4. சேவை மாற்றியபின் பழைய ஹோஸ்டிங்கைக் கவனியுங்கள். எம்.எக்ஸ். பதிவு புது இடத்தைக் காட்டினாலும், பழைய சர்வர் உங்கள் டொமைனை இன்னும் தன்னுடையது என்றே எண்ணியிருக்கலாம். அப்போது, இன்னும் அங்கேயே ஓடும் வெப்சைட்டின் விசாரணைகள் யாரும் திறக்காத பழைய பெட்டியில் சேரும். அங்கே மெயில் ரூட்டிங் அமைப்பை ‘ரிமோட்’ என்று மாற்றுங்கள்.

5. உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். ஈ.ஆர்.பி., ஸ்கேனர் இரண்டையும் மறக்காதீர்கள். ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோரிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டிகிம் வேண்டுமென்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் கேட்கிறது. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும். இரண்டு போட்டால் சோதனையே தோற்றுவிடும்.

6. வந்த மெயில் மறைகிறதென்றால் அந்தப் பெட்டியின் ஃபார்வர்டிங் விதிகளைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல்லைத் திருடியவர்கள் பணம் பற்றிய மெயில்களைத் திருப்பிவிட்டு, வங்கிக் கணக்கை மாற்றிச் சொல்லி ஏமாற்றுவார்கள். அப்படி ஒன்று தெரிந்தால் அந்த நிமிடமே முதலாளிக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் சொல்லுங்கள்.

7. எதிர்த்தரப்பிடம் ஆதாரத்தோடு பேசுங்கள். அவர்கள் சர்வர் 250 என்று பதில் தந்திருந்தால் மெயில் அவர்கள் பொறுப்புக்குப் போய்விட்டது. அந்த லாக் வரியை அப்படியே அனுப்புங்கள். தேடும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். பதில் வரும்வரை, ஒப்புதலை வேறு வழியில் வாங்கிக்கொள்ளும்படி மெர்ச்சண்டைசரிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.