ஊர் வாய்க்குச் செலவில்லை

கேள்வி: வேலை போனவனைச் சோம்பேறி என்று ஏன் ஏசுகிறார்கள்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: ஏசுகிறவருக்குச் செலவில்லை, அதனால்தான்! 1930களில் இங்கிலாந்தின் ஜாரோ நகரில் கப்பல் கட்டும் தளத்தை மூடிவிட்டார்கள். ஊர்த் தொழிலாளர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையில்லை. அந்தக் காலத்தில் உதவித்தொகை கேட்டால் அதிகாரி வீட்டுக்கே வருவார். மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் நோட்டம் விடுவார். அதிகப்படியாகத் தெரிந்தால் விற்றுச் சாப்பிடச் சொல்வார். மகன் நாலு காசு சம்பாதித்தால் அப்பாவின் தொகையில் வெட்டு. அதற்காகவே வீட்டைவிட்டுப் போன பிள்ளைகள் உண்டு. பசியைவிட அந்த நோட்டம்தான் சுட்டிருக்கும்.

1936 அக்டோபரில் ஜாரோவிலிருந்து சுமார் 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தார்கள். ஏறக்குறைய 450 கிலோமீட்டர். சோம்பேறி நடக்கிற தூரமா அது? ஊர் திரும்பினால், உதவித்தொகையில் பிடித்தம். நடந்த நாட்களில் அவர்கள் வேலைக்குத் தயாராக இல்லையாம்!