பரோட்டாக் கடையும் பட்டா நிலமும்

மனை விற்பனை விளம்பரங்களில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிறுத்தம் என்ற வரிசையோடு இப்போது பிரபல ஓட்டல்களின் பெயரும் சேர்ந்துவிட்டது. நல்ல சாப்பாட்டுக் கடை இருந்தால் அது நல்ல ஏரியா, நல்ல ஏரியா என்றால் விலை ஏறும், ஆகவே இப்போதே வாங்கிப் போடுங்கள் என்று பேச்சு ஓடும். பெருநகரத்தில் பிறந்த இந்தப் பேச்சு மலையேறிக் கூடலூருக்கும் வந்துவிட்டது. ஓய்வுக்கால வீட்டுக்கு இடம் தேடி வருகிறவர்கள், பிரியாணிக் கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்ததும் "ஊர் வளர்ந்துவிடும்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

கூடலூர் இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க ஏற்ற ஊர். ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கீழே, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் நெருங்கும் இடத்தில் இருக்கிறது. மைசூருக்கு ஒரு சாலை, நாடுகாணி வழியாக நிலம்பூருக்கு ஒரு சாலை, சுல்தான் பத்தேரிக்கு ஒரு சாலை என்று பிரிகின்றன. சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. ஒரே தெருவில் இட்லி சாம்பாரும், புட்டும் கடலைக்கறியும், பரோட்டாவும் பீஃப் வறுவலும் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் பருப்பு வடையும் பழம்பொரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டீ என்றாலும் தருவார்கள், சாயா என்றாலும் தருவார்கள், கட்டன் என்றால் பால் ஊற்றாமல் தருவார்கள். கடைகளுக்கும் ஊரின் மதிப்புக்கும் நேர்த்தொடர்பு இருந்திருந்தால், இங்கே மனை விலைக்கு வானமே எல்லையாக இருந்திருக்கும்.

நம்பிக்கை: நல்ல சாப்பாட்டுக் கடை வந்தால் அந்த ஏரியா உயரும்.

உண்மை: பெரும்பாலும் ஏரியா முன்னால் போகிறது, கடை பின்னால் வருகிறது. தமிழ்நாட்டில் இதற்குச் சரவண பவனைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். சென்னை கே.கே.நகரில் குடியிருப்புகள் எழுந்துவிட்டன, மக்களும் வந்துவிட்டார்கள். ஆனால் உட்கார்ந்து சாப்பிட ஓட்டல் இல்லாததால் தி.நகருக்குப் போக வேண்டியிருந்தது. கே.கே.நகரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அந்தக் குறையைக் கவனித்து 1981இல் தொடங்கியதுதான் முதல் சரவண பவன். கே.கே.நகரை அந்த ஓட்டல் உருவாக்கவில்லை. கே.கே.நகரின் பசிதான் அந்த ஓட்டலை உருவாக்கியது.

ஆய்வுகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும். எட்வர்ட் கிளேசர் உள்ளிட்ட ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2018இல் அமெரிக்க நகரங்களின் கடை விவரங்களை வீட்டு விலையோடு ஒப்பிட்டார்கள். ஒரு பின்கோடு பகுதியில் ஒரு ஸ்டார்பக்ஸ் கடை திறந்தால், அதையொட்டி வீட்டு விலை அரை சதவீதம் அளவுக்கு உயர்ந்திருப்பது தெரிந்தது. கடை வந்ததால் விலை ஏறியதா, ஏறப்போகும் இடமாகப் பார்த்துக் கடை வந்ததா? இந்த எண் அதைச் சொல்லாது. இடம் பார்ப்பதற்கென்றே ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம், வளராத இடத்தில் கடை போடுமா என்று யோசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

2019இல் வந்த இன்னோர் ஆய்வு கூடலூருக்கு இன்னும் நெருக்கமானது. சீனாவின் ஒன்பது நகரங்களில் உணவகங்களின் விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பகுதியில் பகலில் எத்தனை பேர் இருப்பார்கள், இரவில் எத்தனை பேர் தங்குவார்கள், எவ்வளவு செலவழிப்பார்கள் என்பதை நன்றாகவே கணிக்க முடியும் என்று அதில் காட்டினார்கள். பகல் கணக்கும் இரவுக் கணக்கும் தனித்தனி என்பதைக் கவனிக்க வேண்டும். கூடலூரில் ஏமாறுகிறவர்கள் ஏமாறுவது அந்த இடைவெளியில்தான்.

நம்பிக்கை: கூட்டம் நிற்கும் கடை இருக்கும் இடம், குடியிருக்க நல்ல இடம்.

உண்மை: கூடலூரில் கடைவாசலில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி சாலை கொண்டுவந்து இறக்கிய கூட்டம். பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகச் செல்லும் சாலையில் 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை, ஆம்புலன்ஸும் ஒருசில அரசுப் பேருந்துகளும் தவிர மற்ற வாகனங்கள் போக முடியாது. மைசூர் போகிறவர் 9 மணிக்குள் எல்லையைத் தாண்ட வேண்டும், முடியாவிட்டால் தங்க வேண்டும். எப்போது தோசைக்கல் சூடாக வேண்டும், எப்போது கடை வெறிச்சோட வேண்டும் என்பதில் இந்தத் தடை நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லாரி ஓட்டுநர் விரும்பிச் சாப்பிடும் கடை அவருக்கு நல்ல கடை. அதன் பின்தெருவில் குழந்தைகளை வளர்க்கலாமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

சாலை தந்ததைச் சாலையே பறிக்கவும் செய்யும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அடுத்த ஆண்டு கோடைக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. அதை எதிர்த்து 2025 ஏப்ரல் 2 அன்று மாவட்டம் முழுவதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். மசினகுடி பக்கம் நடந்தது இன்னும் கடுமையானது. யானை வழித்தடத்தில் கட்டப்பட்டிருந்த ஓய்வு விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2018 ஆகஸ்ட்டில் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்த வழித்தட அறிவிப்பையும் நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்த உத்தரவுகள் காட்டுக்குத் தேவையானவை. ஆனால் ஒரு சுற்றுலாப் பருவத்துக் கூட்டத்தைப் பார்த்து நிலத்தில் பணத்தைப் போட்டவருக்கு அந்தக் கூட்டம் எந்த உத்தரவாதமும் தரவில்லை.

நம்பிக்கை: நல்ல ருசி வசதியான பகுதிகளில்தான் கிடைக்கும்.

உண்மை: பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கடைகளைத் தேடி இன்றும் சென்னை கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே கூட்டம் வருகிறது. வாடகை குறைவான, ஆள் நடமாட்டம் அதிகமான இடத்தில்தான் கைமுதல் இல்லாதவர் அடுப்பு மூட்ட முடியும். கூடலூரின் சாப்பாட்டையும் இப்படி வந்தவர்களே வளர்த்தார்கள். மலபாரிலிருந்து ஏறி வந்தவர்கள் ஒரு பக்கம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் லைன் வீடுகளில் குடியமர்ந்த மலையகத் தமிழர்கள் இன்னொரு பக்கம். அந்த லைன் வீடுகளை வசதியான குடியிருப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே அடுப்பில் வேகும் தேங்காய் ரொட்டிக்கும் இடிசம்பலுக்கும் இணையானதை எந்த ஓட்டலிலும் எதிர்பார்க்க முடியாது.

நம்பிக்கை: கடையும் சாலையும் வந்துவிட்டால் நிலத்தின் மதிப்பு தானாக வரும்.

உண்மை: கூடலூரில் நிலத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது காகிதம். இதைச் சற்று நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே இதில் இருக்கிறது.

கூடலூர், பந்தலூர் பகுதியின் பெருநிலப்பரப்பு நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக இருந்தது. நில உடைமையாளரான ஜென்மியிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் தேயிலையும் காப்பியும் நட்டார்கள். இந்த முறையை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கே நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்ற 1969இல் கூடலூர் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஏறத்தாழ 80,000 ஏக்கர் இதன் வரம்பில் வந்தது. உச்ச நீதிமன்றம் 1972இல் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. காடுகளை அரசு எடுத்துக்கொள்வது பற்றிய பகுதியை மட்டும் ஏற்கவில்லை. 1974இல் அரசியலமைப்பின் 34ஆவது திருத்தம் மூலம் சட்டத்தை, நீதிமன்றச் சவாலிலிருந்து பாதுகாப்புத் தரும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அதை எதிர்த்துத் தொடங்கிய வழக்குதான் 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்த ஐ.ஆர்.கொயலோ வழக்கு. ஒன்பதாவது அட்டவணையில் வைத்தாலும் ஒரு சட்டம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீற முடியாது என்று நாடு முழுவதற்கும் பொருந்தும் விதியை அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தியக் காடுகளின் சட்டத்தையே மாற்றிய கோதவர்மன் வழக்கும் இங்கிருந்து போனதுதான். கூடலூர்க் காடுகள் அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் தொடுத்த வழக்கு அது. நாட்டின் சட்டப் புத்தகத்தில் இத்தனை பக்கங்களை எழுதவைத்த மலையூர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

குடியிருப்பவருக்கு இதில் மிஞ்சியது பிரிவு 17. குத்தகைக்கு விடப்பட்டுத் தோட்டமான நிலங்களைப் பற்றிய பிரிவு அது. அந்த நிலங்களின் வழக்கு பல பத்தாண்டுகளாக இழுத்தது. அதற்குள் அங்கே வீடு கட்டியவர்கள், ஏதோ ஒரு தாளை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவர்கள், பேரப்பிள்ளைகள் வரை கண்டவர்கள் என ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை. பல வீடுகளுக்கு மின் இணைப்புகூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தபடி இருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்பிருந்தே இந்த மண்ணில் வாழும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோரின் நில உரிமை தனிப் போராட்டம். பக்கத்தில் எவ்வளவு நல்ல பரோட்டாக் கடை இருந்தாலும், பிரிவு 17 நிலம் பட்டா நிலமாகிவிடாது.

நம்பிக்கை: கடை பக்கத்தில் இருந்தால் வசதிதான், தொல்லை ஏது?

உண்மை: காட்டை ஒட்டிய ஊரில் சாப்பாட்டு வாசனைக்கு மனிதர்கள் மட்டும் வருவதில்லை. முதுமலைக்குள் நுழையும் முன் இருக்கும் தொரப்பள்ளியில் காட்டு யானை சாலையில் நடப்பது புதுச் செய்தியல்ல. பந்தலூர் பகுதியில் அரிசியைத் தேடி வீடு வீடாக உடைத்த பி.எம்-2 என்ற மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை 2022 நவம்பரில் தேவாலாவில் ஒரு பெண்ணைக் கொன்றது. டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே அது சுல்தான் பத்தேரி நகருக்குள் நுழைந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடிகள் டீக்கடைகளையும் பேக்கரிகளையும் உடைத்த செய்திகள் அடிக்கடி வருகின்றன. எச்சில் இலையையும் மிச்சச் சோற்றையும் பின்பக்க ஓடையில் கொட்டும் கடை ஒன்று இருந்தால், அடுத்த வீட்டுக்காரர் மாலை ஆறு மணிக்கு மேல் கதவைத் திறக்கத் தயங்குவார்.

அப்படியானால் கடைகள் ஒன்றுமே சொல்வதில்லையா? சொல்கின்றன. எந்தக் கடையைப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கார்கள் வரிசையாக நிற்கும் பெரிய ஓட்டலை விட்டுவிட்டு, தேவர்சோலை, பாடந்தொரை, ஓவேலி என்று உள்ளே போகும் வழிகளில் விடியற்காலையிலேயே சாயா ஆற்றத் தொடங்கும் சிறு கடையைப் பார்க்கலாம். அங்கே தினமும் வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள். முதல் பஸ் நேரத்துக்கு வருகிறதா, பச்சைத் தேயிலைக்கு இந்த வாரம் என்ன விலை, நேற்றிரவு எந்தப் பக்கம் யானை நின்றது, எந்த சர்வே எண்ணில் வழக்கு இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் தெரியும். இந்தத் தகவலை எந்த நட்சத்திர மதிப்பெண்ணும் தராது.

கூடலூரில் இடம் வாங்க நினைப்பவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் தாலுகா அலுவலகத்தில் நிலத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ஜென்ம நிலமா, பிரிவு 17இல் வருகிறதா, தனியார் காடாக அறிவிக்கப்பட்டதா, யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் மின் மீட்டர் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: 1969 சட்டத்துக்கு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. காட்டைக் காட்டாகவும், மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குடியிருப்பாகவும் பிரித்து அளந்து, இரண்டு தலைமுறையாக விளக்கு வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு முதலில் மின் இணைப்பைக் கொடுங்கள்.