சிறிய மடிக்கணினியில் இடத்தை மீட்டெடுப்போம்

குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்பிடம் 32 ஜிகாபைட் மட்டுமே. உபுண்டு, லுபுண்டு போன்ற லினக்ஸ் பணிசெயல் முறைமைகளை அவற்றில் நிறுவிப் பயன்படுத்தும் மாணவிகளுக்குச் சில மாதங்களில் "இடம் போதாது" என்ற அறிவித்தல் வரும். அதனை அலட்சியம் செய்யலாகாது. சில மென்பொருள்கள் பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டே புதியதை எழுதும். எழுத இடமில்லாவிட்டால், பல நாள் உழைத்த ஒப்படை வெற்றுக் கோப்பாக மிஞ்சலாம்.

அவசரப்பட்டு கண்ணிற் பட்டதையெல்லாம் அழிப்பதும் ஆபத்தானது. கணினியில் உள்ளவை இரு வகை. ஒன்று, மீண்டும் பெறக்கூடியவை. மற்றையது, இழந்தால் மீளப் பெற முடியாதவை. முதல் வகையை மட்டும் அகற்றினாலே பெரும்பாலும் போதிய இடம் கிடைத்துவிடும்.

முதலில் அளந்து பார்ப்போம். டேர்மினலைத் திறந்து 'டிஎப் -எச்' எனக் கட்டளையிட்டால் மொத்த இடம், பயன்பட்ட இடம், எஞ்சிய இடம் ஆகியன தெரியும். (இங்கு தமிழில் தரப்படும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.) 32 ஜிகாபைட் என விற்கப்பட்டது ஏறத்தாழ 29.8 எனக் காட்டினால் ஏமாற வேண்டாம். விற்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார். இக்கட்டளையோ 1024 ஆல் கணக்கிடுகிறது. மேலும், வழமையான 'இஎக்ஸ்டி4' கோப்பு முறைமை 5 சதவீத இடத்தை நிர்வாகப் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. எந்தக் கோப்புறை இடத்தை விழுங்குகிறது என்பதை 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்னும் மென்பொருள் வட்டப்படமாகக் காட்டும்.

இனி அகற்றக்கூடியவற்றைப் பார்ப்போம்.

1. பதிவிறக்கப்பட்ட பொதிகள்: மென்பொருளை நிறுவும்போது பதிவிறங்கும் பொதிகள், நிறுவிய பின்னரும் தங்கியிருக்கக்கூடும். 'சுடோ அப்ட் கிளீன்' அவற்றை நீக்கும். நிறுவிய மென்பொருளுக்குப் பாதிப்பில்லை.

2. தேவையற்றுப்போன பொதிகள்: 'சுடோ அப்ட் ஓட்டோரிமூவ்' என்பது வேறெந்த மென்பொருளுக்கும் தேவைப்படாத துணைப் பொதிகளையும், பணிசெயல் முறைமையின் மையப் பகுதியாகிய கேர்னலின் பழைய பதிப்புகளையும் அகற்றும். அகற்றுமுன் பட்டியலைக் காட்டி அனுமதி கேட்கும். அதை வாசித்த பின்னரே சம்மதியுங்கள்.

3. பதிவேடுகள்: கணினி தன் செயற்பாடுகளை நாள்தோறும் குறித்து வைக்கிறது. இக்குறிப்புகள் இயல்பாகவே வட்டின் 10 சதவீதம் வரை, அதாவது நமது கணினியில் ஏறக்குறைய 3 ஜிகாபைட் வரை, வளர இடமுண்டு. 'சுடோ ஜேர்னல்சிடிஎல்' என எழுதி, ஓர் இடைவெளி விட்டு, '--வக்கியூம்-சைஸ்=100எம்' எனச் சேர்த்தால், பழைய குறிப்புகள் நீங்கிச் சுமார் 100 மெகாபைட் எஞ்சும். இறுதியில் வரும் 'எம்' மட்டும் பேரெழுத்தாக இருத்தல் வேண்டும்.

4. குப்பைத் தொட்டி: கோப்புறைச் சாளரத்தில் அழித்த கோப்பு உண்மையில் அழிவதில்லை, தொட்டிக்கு இடம்பெயர்கிறது. தொட்டியை வெறுமையாக்கினால்தான் இடம் கிடைக்கும். பென் ட்ரைவில் அழித்தவை அதிலேயே மறைவான ஒரு கோப்புறையில் தங்குவதும் உண்டு. அதனைப் பொருத்திய நிலையில் தொட்டியை வெறுமையாக்குங்கள்.

இவற்றைச் செய்த பின்பும் இடம் போதாவிடின் நமது சொந்தக் கோப்புகளுக்கு வருவோம். பதிவிறக்கக் கோப்புறையில் ஒரே பாடக்குறிப்பு இரண்டு மூன்று தடவை இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். புகைப்படங்கள், ஒப்படைகள், நாமே எழுதிய கவிதை கட்டுரைகள் ஆகியன மீளப் பெற முடியாத வகையைச் சேர்ந்தவை. அவற்றை வேறோர் இடத்திற்குப் பிரதி செய்து, அந்தப் பிரதியைத் திறந்து சரிபார்த்த பின்னரே மடிக்கணினியிலிருந்து நீக்க வேண்டும்.

'யுஎஸ்ஆர்', 'லிப்', 'பூட்' போன்ற முறைமைக் கோப்புறைகளில் ஒருபோதும் கையால் அழிக்காதீர்கள். பொருள் விளங்காத கட்டளையை எவர் தந்தாலும் தட்டச்சிடாதீர்கள். 'ஆர்எம்' என்னும் கட்டளையால் அழிந்தது தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும்.

மாதம் ஒருமுறை இப்பணிக்குச் சிறிது நேரம் ஒதுக்குங்கள். ஒன்றை அழிக்குமுன் "இதை மீண்டும் பெற முடியுமா?" என்று கேளுங்கள். விடை உறுதியாகத் தெரியாவிட்டால் அந்தக் கோப்பு அங்கேயே இருக்கட்டும்.