கட்டை சரியானால் பெயின்ற் சரியாகும்: வாகன வேலைக்கு ஏற்ற தேய்ப்புக் கட்டையைத் தெரிவு செய்தல்

ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் காணிக்கும் வீட்டுக்கும் அடுத்தபடி பெறுமதியான பொருள் ஒரு வாகனமாகவே இருக்கிறது. பழைய ஓட்டோ, மோட்டார் சைக்கிள், இரு சக்கர உழவு இயந்திரம், அதன் பெட்டி என்று ஏதோ ஒன்று. நீண்ட காலம் மழையிலும் வெயிலிலும் நின்றதால் தகரம் துருப்பிடித்தும் நசுங்கியும் போயிருக்கும். அதைத் திருத்தி ஓடவிட்டால் வருமானம் வரும். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த கருவிகளுடன் சிறிய டிங்கர், பெயின்ற் வேலைத்தளம் தொடங்கும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. இந்தப் பாடம் இரு சாராருக்கும் உரியது.

பெயின்றும் ரின்னரும் விலை கூடிய பொருட்கள். எல்லாம் பூசி முடித்து வாகனத்தை வெயிலில் நிறுத்தும்போது கதவு அலை அலையாகத் தெரிந்தால், முழுவதையும் தேய்த்து மறுபடி பூச வேண்டும். அந்த வேலையின் இலாபம் அதோடு போய்விடும். இப்படி நடப்பதற்குப் பெயின்றைக் குறை சொல்வோம். பெரும்பாலும் காரணம் அதற்கு முன்னரே நடந்திருக்கும்: அரத்தாளை வெறுங்கையால் பிடித்துத் தேய்த்திருப்போம்.

கட்டை எதற்கு?

அரத்தாள், அதாவது கடையில் சான்ட் பேப்பர் என்று கேட்டு வாங்குவது, வெட்டும் வேலையை மட்டும் செய்கிறது. எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதன் பின்னால் இருக்கும் பொருள். விரல்களால் அழுத்தினால் விரல் நுனி படும் இடங்கள் ஆழமாகத் தேயும். விரல்களுக்கு இடைப்பட்ட இடங்கள் மேடாக நிற்கும். தடவிப் பார்த்தால் இது உடனே பிடிபடாது. மினுக்கமான பெயின்ற் ஏறிய பிறகு ஒவ்வொரு பள்ளமும் கண்ணாடி போல வெளிச்சத்தை வளைத்துக் காட்டும்.

தட்டையான கட்டை ஒன்றில் தாளைச் சுற்றித் தேய்த்தால், கட்டை மேடுகளில் மட்டுமே முதலில் படும். மேடு தேய்ந்து பள்ளத்தின் மட்டத்துக்கு வந்த பின்னரே பள்ளத்தைத் தொடும்.

மூன்று கட்டைகள் போதும்

1. சிறிய கடினக் கட்டை. நீளம் சுமார் 5 அங்குலம், அகலம் 2¾ அங்குலம். மரத்தாலோ கெட்டியான றப்பராலோ ஆனது. கையளவான நசிவுகளில் பூசிய பட்டியை மட்டமாக்க இதுவே முதல் கருவி.

2. நீண்ட கட்டை. நீளம் 16 அங்குலம் வரை. வான் கதவு, உழவு இயந்திரத்தின் பொனற், சிறிய லொறியின் பக்கத் தகடு போன்ற அகன்ற இடங்களுக்கு. இதற்கு ஒரு விதி உண்டு: பட்டி பூசிய இடத்தை விடக் கட்டை நீளமாக இருக்க வேண்டும். கட்டையின் இரு முனைகளும் பழுதில்லாத தகட்டில் தங்கினால்தான் நடுப்பகுதி அந்தத் தகட்டின் மட்டத்துக்கு வரும். சிறிய கட்டை பெரிய பள்ளத்துக்குள் இறங்கி, பள்ளத்தோடு சேர்ந்தே ஓடும்.

3. மென்மையான கட்டை. தடித்த பஞ்சு றப்பரால் ஆனது. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கி, மட்காட் போன்ற வளைவுகளில் பிரைமரையும் பெயின்றையும் தேய்க்க ஏற்றது. பட்டியை மட்டமாக்க இதைப் பாவிக்க வேண்டாம். மென்மையான கட்டை பள்ளத்தின் வடிவத்துக்கே வளைந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

உட்புறமாக வளைந்த இடங்களுக்கு அந்த வளைவுக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் தாளைச் சுற்றுங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

கடைக் கட்டை வாங்கக் காசு இல்லை என்று வேலையை நிறுத்த வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த, முடிச்சு இல்லாத, நேரான மரத் துண்டு போதும். தச்சரிடம் கழிவாகக் கிடக்கும் துண்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கண்ணாடித் துண்டை மட்டமான மேசையில் வைத்து அதன் மேல் கட்டையை வையுங்கள். மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். ஆடினால் கட்டை மட்டமில்லை. கண்ணாடியின் மேல் 80 ஆம் இலக்க அரத்தாளை விரித்து, ஆட்டம் நிற்கும் வரை கட்டையை அதில் தேயுங்கள். கூரான விளிம்புகளைச் சற்று மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு தகட்டில் கோடு போடும். கடைசியாக வார்னிஷ் பூசிக் காயவிட்டால் தண்ணீர் பட்டாலும் மரம் ஊதாது.

மென்மையான கட்டைக்குப் பழைய றப்பர் செருப்பின் தேயாத பகுதியை வெட்டி எடுக்கலாம்.

கடையில் விற்கும் முழுத் தாள் 9 அங்குலத்துக்கு 11 அங்குலம். 11 அங்குலப் பக்கத்தை நான்காக மடித்துக் கிழித்தால் 2¾ அங்குல அகலமும் 9 அங்குல நீளமும் கொண்ட நான்கு துண்டுகள் கிடைக்கும். 5 அங்குலக் கட்டையில் சுற்றினால் இரு பக்கமும் 2 அங்குலம் வீதம் மிஞ்சும், அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு துண்டும் வீணாகாது. தாள் தளர்ந்து நின்றால் விரைவில் கிழியும், இறுக்கமாகச் சுற்றுங்கள்.

எந்தக் கட்டையில் எந்தத் தாள்?

இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும்.

- பட்டி இறுகியதும்: கடினக் கட்டையில் 80. வடிவத்தை எடுக்கும் வேலை இது.
- அடுத்து: அதே கட்டையில் 150 அல்லது 180. முன்னைய கீறல்கள் மறையும் வரை.
- பிரைமருக்கு முன்: 240, பின்னர் 320.
- பிரைமர் காய்ந்த பின்: 400 முதல் 600 வரையான வோட்டர் பேப்பர், தண்ணீருடன். தட்டையான இடத்தில் கடினக் கட்டை, வளைவில் மென்மையான கட்டை.

80 இலிருந்து நேரே 400 க்குப் பாய வேண்டாம். ஆழமான கீறல்கள் அப்படியே நின்று, பெயின்ற் காய்ந்து சுருங்கும்போது மேலே தெரியும்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டாம். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் மேல் பெயின்ற் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பின்னர் கொப்புளமும் துருவும் வரும். உப்புக் காற்று வீசும் கரையோர ஊர்களில் இதில் இன்னும் கவனம் தேவை.

ஒரே திசையில் தேய்க்காமல், ஒருமுறை இடமிருந்து வலமாகச் சரிவாகவும் மறுமுறை வலமிருந்து இடமாகச் சரிவாகவும் பெருக்கல் குறி போலத் தேயுங்கள். தொடங்கும் முன் வேறு நிறப் பெயின்றை மிக இலேசாகத் தூவிவிடுங்கள். தேய்க்கும்போது அந்த நிறம் எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம் உண்டு. எங்கே தகரம் வெளிப்படுகிறதோ அங்கே மேடு உண்டு. மேட்டை மேலும் தேய்த்துத் தகரத்தை மெலிதாக்காதீர்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்கி, மீண்டும் பட்டி பூசுங்கள்.

கவனிக்க வேண்டியவை

*அடிச்சட்ட இலக்கமும் இயந்திர இலக்கமும்.* இந்த இலக்கங்கள் பொறிக்கப்பட்ட இடத்தைத் தேய்க்கவோ பட்டியால் மூடவோ வேண்டாம். இடப்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பத்துக்கு, வாகனம் தன்னுடையது என்று காட்ட மிஞ்சியிருப்பது அந்த இலக்கமாகவே இருக்கலாம். வேலை தொடங்கும் முன் அதைக் கொப்பியில் எழுதி, அந்த இடத்தை ஒட்டுத்தாளால் மூடுங்கள். வாகனத்தின் நிறத்தை மாற்ற விரும்பினால், பதிவு தொடர்பாக முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

*தூசு.* பழைய பெயின்றில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். முகக்கவசம் அணியுங்கள். பழைய பெயின்றை ஈரமாகத் தேய்த்து, தகரத்தை நன்கு காயவிட்ட பிறகே பட்டி பூசுங்கள். கிணற்றடியிலோ சமையல் இடத்திலோ இந்த வேலையைச் செய்ய வேண்டாம். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளையைத் தூக்கும் முன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

*கைவிடப்பட்ட வாகனங்கள்.* பற்றைக்குள் கிடக்கும் வாகனத்திலிருந்து கதவோ மட்காட்டோ கழற்றி வரப் போகாதீர்கள். அதற்குள்ளும் அதைச் சுற்றியும் வெடிபொருட்கள் இருக்கக்கூடும். சென்ற வழியே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். உங்கள் சொந்த வாகனமே என்றாலும் இடம் பாதுகாப்பானது என்று உறுதிப்படுத்தப்படும் வரை நெருங்க வேண்டாம்.

கற்றதை மீட்டுப் பாருங்கள்

குழுவாகப் படிப்பவர்கள் இவற்றைப் பற்றிப் பேசுங்கள்.

1. ஓட்டோவின் பக்கத் தகட்டில் 10 அங்குல நீளத்துக்குப் பட்டி பூசியிருக்கிறீர்கள். 5 அங்குலக் கட்டை போதுமா? ஏன்?
2. செருப்பு றப்பரால் செய்த கட்டையை எந்தக் கட்டத்தில் பாவிக்கலாம், எந்தக் கட்டத்தில் பாவிக்கக் கூடாது?
3. பட்டியைத் தேய்க்கும்போது நடுவில் தகரம் தெரிகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?

கையில் இருக்கும் பணம் குறைவென்றால், முதலில் ஒரு நல்ல மரக் கட்டையைச் செய்துகொள்ளுங்கள். மிச்சத்துக்கு 80, 180, 320, 600 ஆகிய நான்கு இலக்கத் தாள்களை வாங்குங்கள். முதல் வாகனத்தை அவசரப்படாமல் முடியுங்கள். அதன் கதவு வெயிலில் நேராகத் தெரிந்தால், அடுத்த வாகனத்தை ஊராரே உங்களிடம் கொண்டு வருவார்கள்.