ஒரு கல் போதும்: மியூசியத்துக்குக் கையால் போஸ்டர் வரைவது எப்படி?



ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி, திருவள்ளூர்ல இறங்கி, பஸ் பிடிச்சா பூண்டி. ஏரியைப் பார்க்க நம்மில் பலர் போயிருப்போம். அங்கேயே தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்குன்னு சொன்னா, "அப்படியா?"ன்னு கேட்பாங்க. அந்த "அப்படியா?"வை "போலாமா?"ன்னு மாத்துறதுதான் போஸ்டரோட வேலை.

என் முதல் போஸ்டர்ல ஏரி, குடியம் குகை, கற்கருவிகள், ஆதிமனிதன், பத்து வரி வரலாறு எல்லாம் இருந்தது. நோட்டீஸ் போர்டு பக்கத்துல நின்னு கவனிச்சேன். ஒருத்தரும் நிக்கலை. அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்கே சொல்றேன்.

1. முதல்ல விஷயத்தைத் தெரிஞ்சுக்கோங்க

பூண்டிக்குப் பக்கத்துல, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கு அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தாங்க. பிற்காலத்துல சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்தாங்க. கல் மண்ணுக்குள்ள புதைஞ்சு எவ்வளவு காலம் ஆச்சுன்னு அலுமினியம்-26, பெரிலியம்-10 அளவை வச்சுக் கணக்கிட்டாங்க. 2011-ல் வந்த முடிவு: மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு! நம்ம வீட்டுக் குழாய்க்குத் தண்ணி தர்ற அதே ஏரிப் பக்கம்தான் இதெல்லாம்.

2. ஒன்றை மட்டும் எடுங்க

போஸ்டரைப் பார்ப்பவர் தர்ற நேரம் சில நொடிகள்தான். அதனால ஒரே ஒரு பொருள்: கைக்கோடரி. குவார்ட்சைட் கல்லை ரெண்டு பக்கமும் செதுக்கிச் செஞ்ச, நீர்த்துளி வடிவக் கருவி. தீப்பெட்டி அளவுல நாலஞ்சு சின்னக் கட்டம் போட்டு, கல்லை எங்கே வைக்கலாம், எழுத்து எங்கே வரணும்னு மாத்தி மாத்திப் பாருங்க. பிடிச்சதை ஏ3 தாளுக்குக் கொண்டு போங்க.

3. இப்போ வரைவோம்

முதல் வருஷ கிராபிக்ஸ் வகுப்பு இங்கே கைகொடுக்கும். ஃப்ரண்ட் வியூ, சைடு வியூ ரெண்டும் போடுங்க. தொல்லியல் படங்கள்ல வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வரும். நிழல் வலது கீழே. ஒவ்வொரு சில்லு தெறிச்ச இடமும் ஒரு சின்னப் பள்ளம். அடி விழுந்த புள்ளியிலிருந்து அலை மாதிரி வளைகோடுகள் இழுங்க. இருபது பள்ளம் வரைஞ்சதும் உங்களுக்கே புரியும்: செஞ்சவர் ஒவ்வொரு அடியையும் யோசிச்சுத்தான் அடிச்சிருக்கார். ஒரு கிளிக்ல படம் எடுத்திருந்தா இது கண்ணுல பட்டே இருக்காது.

கல்லை நிஜ அளவிலேயே வரைங்க. பார்ப்பவர் தன் உள்ளங்கையை அதன் மேல வச்சுப் பார்க்கட்டும். ஆதிமனிதன் முகம் மட்டும் வேண்டாம். அத்திரம்பாக்கத்துல கருவி செஞ்சவங்களோட முகம் எப்படி இருந்ததுன்னு நமக்குத் தெரியாது. தெரியாத முகத்தை வரைஞ்சா போஸ்டர் பொய் சொல்லும். கறுப்பு மையும் ஒரு செம்மண் நிறமும் போதும்.

4. எழுத்து

தலைப்பு ஐந்தாறு சொல்லுக்குள்ள இருக்கட்டும். நான் எழுதினது: "இதைப் பிடிச்ச கைக்கு 15 லட்சம் வயசு." தடிமனான பிரஷ்ல எழுதினா ண, ழ, ஞ இவற்றின் சுழிகள் அடைஞ்சு போகும், புள்ளி காணாம போகும். எழுத்தைப் பெரிசாக்கி, புள்ளியைக் கொஞ்சம் தூக்கலா வைங்க. மேல விலங்கு, கீழே சுழி வர்றதால வரிகளுக்கு நடுவே தாராளமா இடம் விடுங்க.

அடியில மூணு வரி: இடம், போகும் வழி, திறக்கும் நேரம். நேரத்தை நேர்ல போய் உறுதி பண்ணிட்டு எழுதுங்க. போஸ்டரை நம்பிப் போனவர் பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பினா, அடுத்த போஸ்டரை யாரும் நம்ப மாட்டாங்க.

5. கடைசிச் சோதனை

சுவர்ல ஒட்டிட்டு பத்தடி தள்ளி நில்லுங்க. கல்லும் தலைப்பும் தெரியுதா? விஷயமே தெரியாத ஒரு நண்பரைக் கூப்பிட்டு அஞ்சு நொடி காட்டி மறைச்சிடுங்க. "என்ன கல் அது?"ன்னு அவர் கேட்டா போஸ்டர் பாஸ். "நல்லா வரைஞ்சிருக்கே"ன்னு மட்டும் சொன்னா, திரும்ப ரெண்டாவது படிக்குப் போங்க.

என் ரெண்டாவது போஸ்டரை எடுக்கப் போனப்போ, கல் மேல விரல் வச்ச அழுக்கு படிஞ்சிருந்தது. அதைத் துடைக்காம அப்படியே வச்சிருக்கேன்.